மூன்று இழுப்பு

என் டூல் பாக்ஸின் அடித்தட்டில் ஒரு நூல் கிடக்கிறது. கொத்தனார்கள் சுவருக்குப் பிடிக்கிற அதே நூல்தான். வெள்ளையாக வாங்கியது, சிமெண்டுத் தூசியும் கிரீஸும் ஏறி இப்போது என்ன நிறமென்று எனக்கே சொல்லத் தெரியாது. ஒரு முனையில், விரலில் மாட்டிக்கொள்ள என் தங்கை புருஷன் போட்ட வளைய முடிச்சு இருக்கிறது. அதை நான் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கவும் மாட்டேன்.

அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்டு ஆலையில் நாங்கள் இருவரும் ஃபிட்டர்கள். மூட்டை பிடிக்கும் இடத்தில் தூசியை உறிஞ்சித் தள்ளும் பெரிய விசிறிகள் எங்கள் பொறுப்பு. மோட்டாரில் ஒரு புல்லிச் சக்கரம், விசிறியில் ஒரு புல்லி, இரண்டையும் சேர்த்து ஓடும் நான்கு பெல்ட். இரண்டு புல்லியும் ஒரே நேரில் இல்லாவிட்டால் பெல்ட் சூடேறி, ஓரம் பிய்ந்து, சீக்கிரமே அறுந்துவிடும். அதற்குத்தான் நூல். விசிறியை நிறுத்திவிட்டு, அவர் அந்தப் பக்கம், நான் மோட்டார் பக்கம் பிடிப்போம். இரண்டு புல்லியின் விளிம்பிலும் நூல் ஒட்டி நிற்கும்வரை நான் மோட்டாரைத் தட்டித் தட்டி நகர்த்துவேன். பக்கத்து விசிறிகளின் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது. வாயில் மாஸ்க் வேறு. அதனால் நூலை இழுத்துத்தான் பேச்சு. ஒரு இழுப்பு என்றால் சரி. இரண்டு என்றால் ஒட்டவில்லை, இன்னும் தள்ளுங்க. மூன்று என்றால் வேலை முடிந்தது, வாங்க மச்சான், டீ குடிக்கப் போவோம். இந்த மூன்றாவதைக் கண்டுபிடித்தவர் அவர்தான். டீ என்றால் அந்த மனுஷனுக்கு உயிர்.

அவர் மகளுக்குக் கல்லங்குறிச்சிக் கோயிலில் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் நான்; என் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். காலையில் ஆலையில் தலையைக் காட்டிவிட்டுக் கிளம்பலாம் என்று போனேன். அன்றைக்குப் பார்த்து ஒரு விசிறியில் பெல்ட் அறுந்தது. மாப்பிள்ளை லீவு, நூலின் மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. போல்ட்டில் கட்டிவிட்டு, இங்கே ஒருதரம் பார்த்து, அங்கே ஓடி ஒருதரம் பார்த்து, தட்டிய தட்டில் மோட்டார் தாண்டிப்போய், மறுபடி முதலிலிருந்து. சீர்த்தட்டோடு நான் கோயிலுக்குள் நுழைந்தபோது, பிள்ளை என் பெரியப்பா மகன் மடியில் உட்கார்ந்து, குத்திய காதோடு வீரிட்டு அழுதுகொண்டிருந்தது.

"நல்ல நேரம் முடியப் போவுதுன்னு எல்லாரும் அவசரப்படுத்திட்டாங்க மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

"அரை மணி நேரம் பொறுக்க முடியல, அப்புறம் நான் என்னத்துக்கு மாமன்?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். தட்டை அங்கேயே வைத்துவிட்டு, கை நனைக்காமல் திரும்பிவிட்டேன்.

எட்டு மாதம் பேசவில்லை. நூல் பிடிக்க மட்டும் எதிரெதிரே உட்காருவோம். ஒன்று, இரண்டு. அதோடு சரி. வேலை முடிந்ததும் நான் நூலைச் சுற்றிக்கொண்டு நடையைக் கட்டுவேன். ரோஷமாம் ரோஷம்! இன்றைக்கு நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

சித்திரை மாதம், ஒரு மத்தியானம். புது பெல்ட் மாட்டி நூல் பிடித்தோம். ஒரு இழுப்பு வந்தது, சரி. நூலை விடப் போனேன். அப்போது மறுபடி வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மெதுவாக, தனித்தனியாக. தலையைத் தூக்கிப் பார்த்தேன். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் தூசி, மாஸ்க் மறைத்திருந்த வாயும் மூக்கும் மட்டும் கறுப்பாகத் தெரிந்தன. சிரிக்கத்தான் பார்த்தார். எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி நூலைச் சரசரவென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவர் விரலிலிருந்து அது கழன்று வந்தது. இன்னும் ரெண்டு நாள் கெஞ்சட்டுமே என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. நாளைக்கே போகலாம் என்றுகூட மனசில் இருந்தது.

மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அரியலூர் பெரியாஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து வூட்டுக்கு வந்ததும் சொன்னாருண்ணே. மச்சானக் கூப்புட்டேன், இன்னும் கோவம் தீரல போல, நாளைக்கு மறுபடி கூப்புடறேன்னாரு."

அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது ஆலையில் லேசர் கருவி வந்துவிட்டது. ஒரு புல்லியில் ஒட்டவைத்தால் மறு புல்லியில் சிவப்புக் கோடு விழும். ஒரே ஆள் போதும். நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். போன வாரம் அதே விசிறிக்குப் பெல்ட் மாற்றினேன். கோடு சரியாக விழுந்தது. கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். பிறகு என்ன தோன்றியதோ, நூலை எடுத்து, அவர் முடிச்சை விசிறிப் பக்கத்துப் போல்ட்டில் மாட்டிவிட்டு, என் முனையை விரலில் சுற்றிக்கொண்டு மோட்டார் பக்கம் வந்து உட்கார்ந்தேன். எல்லா விளிம்பிலும் நூல் ஒட்டி நின்றது.

மூன்று முறை இழுத்தேன். மாஸ்க்கைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, "வாங்க மாப்ள, டீ குடிக்கப் போவோம்" என்றேன். பக்கத்து விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை.