பிற்பகல் வெளிச்சமும் என் வயிறும்

எங்கள் வீட்டில் இரவு, பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. வேறு வழியில்லை. என் கணவர் அமெரிக்காக்காரர்களின் கிரெடிட் கார்டு சந்தேகங்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலையில் இருந்தார். சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து அழைத்துப்போகும், விடிந்தபின் கொண்டுவந்து விடும். நான் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் ஆசிரியை. காலை வகுப்புகள் மட்டும். பஸ் பிடித்துத் தொம்மலூர் வந்து, மகளுக்குச் சோறூட்டிக் கூடத்தில் தூங்கவைக்கும்போது அவர் எழுந்து குளித்திருப்பார். கணவன் மனைவியாக இருக்க எங்களுக்கு வாய்த்த பொழுது அது ஒன்றுதான். வெளியே குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரன் குரல், ஜன்னல் நிறைய வெயில். மற்ற பெண்களுக்கு இருட்டு இருந்தது. எனக்கு இல்லை.

பிரசவத்துக்கு முன் வயிறு என்று எனக்குத் தனியாக ஒன்று இருந்த நினைவே இல்லை. பிறகு அது மட்டும்தான் நான். அறுத்துத் தைத்த கோட்டுக்கு மேலே சதை மடிந்து தொங்கியது. இடுப்பைச் சுற்றி, ஈரமணலில் தண்ணீர் வடிந்த தடம்போல வரிகள். ஆம்பூரிலிருந்து வந்த மாமியார் சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னார்: "ஆபரேஷன்னா என்னா, வயித்த இறுக்கித் துணி கட்டக்கூடாதா? நாங்கல்லாம் கட்டல? இப்ப பாரு, பை மாதிரி தொங்குது." கணவர் சிரித்தார். பெரிய சிரிப்பு இல்லை. வாயில் சோறு இருக்கும்போது மூக்கு வழியாக வருமே, அந்த அளவு.

அந்தச் சிரிப்புக்குள் நான் குடிபோனேன்.

ஒருநாள் பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். "உக்காருங்க அக்கா, எத்தன மாசம்?" இல்லை என்று சொல்லக் கூச்சம். "அஞ்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தொம்மலூர் வரும்வரை, இல்லாத பிள்ளையைக் கைப்பையால் மறைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே சிவாஜிநகரில் கெட்டியான கறுப்புத் துணி வாங்கிவந்து படுக்கையறை ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினேன். கணவர் நெகிழ்ந்துபோனார். இரவு ஷிஃப்ட் பார்ப்பவர்கள் வீட்டு ஜன்னல்களில் அப்போது கறுப்புத் தாளோ துணியோ தொங்குவது சகஜம். அவர் தூங்குவதற்காகவே நான் மாட்டியதாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

வாடகை வாங்க மேலே வந்த வீட்டுக்கார அம்மா எட்டிப்பார்த்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "அய்யய்யோ, என்னம்மா இது, போட்டோ கழுவுற ரூம் கணக்கா? ஸ்வல்ப காத்து வரட்டும் விடு."

"எனக்காகத்தாங்க்கா. பகல்ல நான் தூங்கணுமில்ல" என்றார் கணவர், பெருமையாக.

"குடுத்து வெச்ச ஆளுப்பா நீ. எங்க வீட்டுக்காரருக்கு நான் போர்வைகூடப் போத்திவிட்டதில்ல."

மூவரும் சிரித்தோம். என் சிரிப்பு எனக்கே வேறு யாருடையதோபோலக் கேட்டது.

துணி வெளிச்சத்தைத்தான் தடுத்தது, கையைத் தடுக்கவில்லை. அவர் கை கீழே இறங்கும்போதெல்லாம் மணிக்கட்டைப் பிடித்து மேலே கொண்டுவந்து தோளில் வைப்பேன். என் உடம்பில் அவருக்கு அனுமதி உள்ள இடங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆசை இல்லாமல் இல்லை. இருந்தது. ஆனால் அந்தக் கை எங்கே போகிறது என்று காவல் காப்பதிலேயே எனக்கு நேரம் முழுவதும் போனது. காவல்காரிக்கு எங்கே சுகம்? பிறகு அவர் கை தானாகவே தோளில் நின்றது. அதன்பின் தோளுக்கும் வரவில்லை. பேப்பர் படிக்க ஆரம்பித்தார்.

மகளுக்கு மூன்று வயது முடிந்த மழைக்காலத்தில் அவரைப் பகல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அந்த வாரச் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. நான் பள்ளியிலிருந்து வந்து, படுக்கையறை இருட்டில் புடவையை அவிழ்த்துப் போட்டுவிட்டு நைட்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். முக்காலியோடு உள்ளே வந்தார். "எனக்காக இத்தன நாளு இருட்டுல கஷ்டப்பட்டே. போதும்மா!" என்று ஏறி, துணியை ஒரே இழுப்பாக இழுத்தார். ஆணிகள் தெறித்தன. வெயில் முழுவதும் என்மேல் விழுந்தது.

"வேணாம்!" என்று கத்தி, புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், என்னாச்சு? ஜன்னலுக்கு எதுக்க வெறும் செவுருதான். யாருமில்ல. நான்தானே?"

"நீங்கன்றதாலதான்."

முக்காலியிலிருந்து இறங்கினார். கையிலிருந்த துணியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப இது... என் தூக்கத்துக்கு இல்லியா?"

"இல்ல."

"மூணு வருஷமா என்கிட்டருந்துதான் ஒளிஞ்சிட்டிருந்தியா?" துணியைக் கீழே போட்டார். "என்னப் புடிக்கலன்னு நெனச்சேன். ராத்திரி பூரா டீ, சிகரெட்டு. அந்த நாத்தம்தான்னு, ரெண்டு வாட்டி பல்லு வெளக்கிட்டு வந்து படுப்பேன்."

அந்தப் பற்பசை வாசனை எனக்குத் தெரியும். அப்போதுதான் எழுந்தவரின் வாசனை என்று நினைத்திருந்தேன்.

"உங்கம்மா பைன்னு சொன்னப்ப சிரிச்சீங்க."

"எப்ப?"

அவருக்கு நினைவே இல்லை. நடிக்கவில்லை, நெற்றியைச் சுருக்கித் தேடினார். நான் மூன்று வருடம் குடியிருந்த அந்தச் சிரிப்பு அவருக்கு மறந்துபோன ஒரு மதியச் சாப்பாடு. கோபம் வந்து, போக இடமில்லாமல் அழுகையாகிவிட்டது.

அருகே தரையில் உட்கார்ந்தார். புடவையை விலக்கவில்லை. "கண்ண மூடிக்கட்டுமா?" என்று கேட்டார். அதுவும் வலித்தது. மூடிக்கொள்ளச் சொன்னாலும் தோல்வி, திறந்திருக்கச் சொல்லத் தைரியமுமில்லை. அவர் கையை எடுத்து, புடவைக்குள் கொண்டுபோய், தையலின்மேல் நானே வைத்தேன். அவர் விரல்கள் அசைந்தன. மெதுவாகத்தான் என்பதை அவர் முழங்கை அசைவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"வலிக்குதா?"

"தெரியல. அங்க மரத்துப்போச்சு. ஆபரேஷன்லேர்ந்தே."

"அப்ப நான் தொடுறது உனக்குத் தெரியவே இல்லியா?"

இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. மூன்று வருடமாக நான் காவல் காத்த இடத்தில் என்னாலேயே எதையும் உணர முடியாது.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன். அவர் நகர்த்தினார். "இன்னும். ஆங், அங்க. அங்கேருந்து தெரியுது."

கூடத்தில் மகள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் எடுக்கவிடவில்லை.