மணிக்கட்டில் எண்பத்து நான்கு

நர்சிங் இரண்டாம் ஆண்டில் வகுப்புத் தோழி ஒருத்தியும் நானும் இரண்டு மாதம் பேசிக்கொள்ளவில்லை. தப்பு என்மேல்தான். வார்டில் அவள் கைதவறி உடைத்த தெர்மாமீட்டரைப் பற்றி எங்கள் டியூட்டர் மேடம் கேட்டபோது, மற்றவர்கள் வாய் திறக்காமல் நிற்க, நான் அவள் பெயரைச் சொல்லிவிட்டேன். அந்தப் பொங்கலுக்கு அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. கிளியனூரில் இருந்த வீட்டுக்குப் போகாமல் ஹாஸ்டலிலேயே கிடந்தாள்.

2005 கோடை தொடங்கும்போது எங்களை மரக்காணத்துக்குக் கிராமப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். இருவர் இருவராகப் பிரித்த மேடம், தெரிந்தோ தெரியாமலோ, எங்களை ஒன்றாகப் போட்டார். உப்பளத்துப் பெண்களுக்குப் பிரஷரும் நாடியும் பார்க்க வேண்டும். நான் பார்த்து எண்ணைச் சொல்வேன், அவள் நோட்டில் எழுதுவாள். வேறு பேச்சில்லை.

மூன்றாம் நாள் காலை, ஓர் அக்கா உப்புக் கூடையைக் கொட்டிவிட்டு வந்து எங்கள் எதிரே கொட்டகையில் உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயரைச் சொல்லி முடிக்கவே மூச்சு போதவில்லை.

“ரெண்டு வருஷமா இப்படித்தாம்மா இருக்குது. படுத்தா மூச்சு முட்டுது. சுவத்துல சாஞ்சிக்கினுதான் தூங்குறேன்.”

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

“உப்புத் தண்ணியில நின்னா கால் வீங்கத்தானே செய்யும்?” என்றார்.

மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி ஒழுங்கில்லாமல் ஓடியது. இரண்டு துடிப்பு அவசரமாக வரும், ஓர் இடைவெளி விழும், அடுத்தது விரலில் பட்டும் படாமலும் போகும். ஒரு நிமிடத்துக்கு எண்பதைத் தாண்டி வந்தது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டும் என்றதும் அவர் தயங்கினார்.

“ஏம்மா, கையில பாத்தா போதாதா?”

பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் ஒரு புடவையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார்கள். காறை எலும்பின் நடுவிலிருந்து நேர்கீழே விரலால் தடவி இறங்கினேன். இடப்பக்கம் ஐந்தாவது விலா இடுக்கில் இதயத்தின் நுனி தட்டுப்பட்டது. அங்கே ஸ்டெதாஸ்கோப்பை வைத்து எண்ணினால் நூறுக்கு மேலே போகிறது. திரும்ப எண்ணினேன். அதேதான். எனக்கு எண்ணவே வரவில்லை என்று முகம் சூடாகிவிட்டது.

“நீ தப்பா எண்ணல” என்றாள் அவள். இரண்டு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எண்ணணும். நான் கையப் புடிக்கிறேன், நீ நெஞ்சுல வையி.”

கடிகாரத்தை இருவருக்கும் தெரியும்படி அக்காவின் மடியில் வைத்தாள். “ஸ்டார்ட்” என்றாள். ஒரு நிமிடம் கொட்டகையில் யாரும் அசையவில்லை.

“நூத்திப் பதினெட்டு” என்றேன்.

“எண்பத்து நாலு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இதயம் ரத்தம் நிறையும் முன்பே அவசரப்பட்டுச் சுருங்கினால் அந்தத் துடிப்பு கைவரை வந்து சேராது என்று வகுப்பில் குறிப்பெடுத்திருந்தோம். முப்பத்து நான்கு துடிப்புகள் வந்து சேரவில்லை.

“இன்னா ரெண்டு பேரும் மூஞ்சிய இப்படி வச்சிக்கினு இருக்கீங்க?” என்றார் அக்கா.

“பயப்படாதீங்கக்கா. இன்னிக்குக் கூடை மட்டும் தூக்காதீங்க. மேடம் வந்து பாக்கட்டும்” என்று அவர் கையை விடாமலே சொன்னாள் அவள். மேடத்தைக் கூட்டிவர நான் வரப்பு மேல் ஓடினேன்.

மேடம் வந்து நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். அன்று மதியமே அக்காவைப் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அங்கே சோதித்தபோது தெரிந்தது: அவருக்குச் சிறுவயதில் மூட்டு வலியோடு வந்த காய்ச்சல், இதயத்தின் இடப்பக்கம் மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தது. முதலில் மாத்திரை கொடுத்தார்கள். சில மாதம் கழித்துத் தொடை வழியாகக் குழாய் விட்டு வால்வை விரித்தார்கள்.

அக்காவை அனுப்பிய அன்று மாலை திரும்பும்போது பஸ்ஸில், “தெர்மாமீட்டர் விஷயத்துல நான் சொல்லியிருக்கக் கூடாது” என்றேன்.

“ஆமா, கூடாதுதான்” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மறுநாள் நோட்டை என் கையில் திணித்து, “இன்னிக்கு நீ எழுது” என்றாள்.

அடுத்த வருடம் அந்தப் பக்கம் போனபோது அக்கா உப்புக் கிடங்கில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். இப்போது கூடை தூக்கும் வேலை இல்லை. படுத்துத் தூங்க முடிகிறதா என்று கேட்டேன்.

“நல்லாத் தூங்குறேம்மா. நெஞ்சுக்கு ஒண்ணும் இல்ல. நாள் முழுக்கக் குந்திக்கினே இருக்கறதுல இடுப்புதான் போவுது. அதுக்கு ஏதாச்சும் மாத்திரை வச்சிருக்கியா?”