மாணிக்கவேல் தர வேண்டிய ஒரு பயம்

ஆரணியில் பேய்ப்படம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் பயத்தில் இருக்கையிலேயே செத்துப்போனார் என்ற செய்தி போளூர் பேருந்து நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தில், செத்துப்போனவர் ஆரணி மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தவாசலுக்குள் நுழைவதற்குள் செத்தவர் இரண்டு பேராகிவிட்டார்கள். தெள்ளாரில், பேயும் டிக்கெட் எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார்கள். இத்தனை ஊர் சுற்றிய வதந்தியைப் பின்னாலேயே பிடித்துக்கொண்டு போனால், அது ஆரணி நெசவாளர் தெருவில் ஒரு பச்சைக் கதவின் முன்னால் போய் நின்றது. உள்ளே தறியில் உட்கார்ந்து ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

"செத்தது நான்தாங்க," என்றார் மாணிக்கவேல். "உள்ள வாங்க. ஜெயம், ஒரு டீ போடு."

மாணிக்கவேலுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கைத்தறியில் பட்டுச்சேலை நெய்கிறவர். அவர் வீட்டுச் சுவரும் பழனியின் விசைத்தறிக் கொட்டகைச் சுவரும் ஒன்றுதான். கொட்டகையில் பத்துத் தறிகள், ராத்திரி பகல் பார்க்காமல் ஓடும். நாலாவது தறி மட்டும் லேசாக நொண்டும்; மற்றவை ஒரு தாளத்தில் போக, அது அரை மூச்சு பிந்தி வந்து சேரும். அந்த இரைச்சலில் தெருவில் யாரும் ரகசியம் பேசியதில்லை. பேசினாலும் கேட்டிருக்காது. காது செவிடாகிறது, கொட்டகையை இங்கிருந்து கிளப்புங்கள் என்று தெருக்காரர்கள் மனு கொடுத்தபோது முதல் கையெழுத்துப் போட்டவர் மாணிக்கவேல்தான். நல்ல அழுத்தமாகப் போட்டார்.

தை பிறந்ததும் பழனி தறிகளைக் கழற்றிக்கொண்டு போளூர் ரோட்டில் கட்டிய புதுக் கொட்டகைக்குப் போய்விட்டார். தெருவில் கேசரி கிண்டிக் கொடுத்தார்கள். மாணிக்கவேல் இரண்டு தொன்னை சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. குழாய் சொட்டுவது கேட்டது. பல்லி பேசுவது கேட்டது. தன் நெஞ்சு அடித்துக்கொள்வது கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் இத்தனை வருஷம் எங்கே ஒளிந்திருந்தது என்று அவருக்கு விளங்கவில்லை.

அன்றிலிருந்து தூக்கம் என்பது அவருக்கு முகவரி மாறிப்போன சொந்தக்காரனாகிவிட்டது. கண் எரிய எரிய நெய்து, மாம்பழ நிறச் சேலையின் நடுவே ஒரு விரற்கடை கிளிப்பச்சையை ஓட்டிவிட்டார். கல்யாணத்துக்குப் போக வேண்டிய சேலை. முதலாளி அதைப் பார்த்துவிட்டு மடித்து ஓரமாக வைத்தார். அடுத்த சேலைக்குப் பட்டுநூல் கொடுக்கும்போதுதான், "இது கெட்டுச்சுன்னா வேற ஆளப் பாத்துக்கறேன், மாணிக்கம்," என்றார்.

தூங்கியாக வேண்டும். தன் தறியைத் தானே ஆட்டிக்கொண்டு தூங்க முடியாது. ஜெயத்திடம் கேட்டுப் பார்த்தார்.

"நீங்க தூங்கறதுக்கு நான் தறி ஆட்டணுமா? நல்லா கீது நியாயம்," என்றாள் அவர் மனைவி.

இந்தச் சமயத்தில்தான் 'பதினோராவது தறி' என்ற பேய்ப்படம் வந்தது. எடுத்தவள் எழிலரசி. சந்தவாசல் பெண், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கொட்டகை இடம் மாறுவதற்கு முந்தைய மாதம், கைக்காசைப் போட்டு அங்கேயே படம் எடுத்துவிட்டுப் போனாள். கொட்டகையில் இருப்பது பத்துத் தறி. வெளியே நின்று கேட்டால் பதினொன்று ஓடும். அதுதான் கதை. முக்கால் மணி நேரம் தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு எல்லாம் ஒரே நொடியில் நிற்கும். அந்த நிசப்தத்தில் பேய் வரும். பேயாக நடித்தவள் எழிலரசியின் சித்தி மகள்; லீவு முடிவதற்குள் நடித்துக் கொடுத்துவிட்டுக் காலேஜுக்குப் போய்விட்டாள்.

சென்னை விமர்சகர்கள் படத்தைத் துவைத்துக் காயப்போட்டார்கள். ஒருவர் ஒன்றரை நட்சத்திரம் கொடுத்து, அதில் அரை நட்சத்திரம் போஸ்டருக்கு என்று விளக்கமும் கொடுத்தார். ஒரு கனமான பத்திரிகை, 'இயந்திரத்தின் அகவெளியில் உழைப்பு தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறது' என்று எழுதியது. அது பாராட்டா திட்டா என்று எழிலரசி மூன்று முறை படித்தும் பிடிபடவில்லை. ஓடாத காருக்குள் சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்து விமர்சனம் செய்கிற ஒருவர் சுருக்கமாக முடித்துக்கொண்டார்: "இது படம் இல்ல நண்பர்களே, தூக்கமாத்திரை."

ஜெயத்தின் போனில் அந்தக் கடைசி வார்த்தை கேட்டதும் மாணிக்கவேல் தறியை விட்டு எழுந்தார்.

"எந்த தியேட்டர்ல ஓடுது?"

ஆரணியில் ஒரே ஒரு தியேட்டரில், காலைக்காட்சி மட்டும். உள்ளே பத்துப் பேர்கூட இல்லை. அவரவர் வீட்டுச் சுவர் திரையில் வருகிறதா என்று பார்க்க வந்தவர்கள். மாணிக்கவேல் மின்விசிறிக்கு அடியில் இடம் பார்த்து உட்கார்ந்தார். விளக்கு அணைந்தது. முதல் தறி ஓட ஆரம்பித்தது, இரண்டாவது சேர்ந்துகொண்டது, மூன்றாவது. பிறகு, அரை மூச்சு பிந்தி, நாலாவது. அவருடைய தோள் தானாக இறங்கியது.

பத்துத் தறிகளும் கொட்டகையை விட்டு வரிசையாக இறங்கி நடந்தன. எருமைகள் போல அசைந்து அசைந்து கமண்டல நாகநதிக்குப் போயின. நதியில் தண்ணீருக்குப் பதில் பட்டுநூல் ஓடிக்கொண்டிருந்தது, நிறமில்லாமல், வெதுவெதுப்பாக. தறிகள் கழுத்து வரை இறங்கி நின்றுகொண்டன. நொண்டித்தறி கடைசியாக வந்து, இடம் கேட்டுப் படுத்துக்கொண்டது. மாணிக்கவேல் அதன் முதுகில் தலை வைத்தார். அது மூச்சு விட்டது. அவரும் விட்டார். மனுவில் போட்ட கையெழுத்து ஒரு சின்ன மீனாகி நூலுக்குள் நழுவிப் போனது.

அப்போது சத்தம் நின்றது.

அவருடைய தூக்கத்தை இத்தனை வருஷத்தில் கலைத்தது ஒன்றே ஒன்றுதான்: கரண்ட் போவது. எல்லாத் தறியும் சேர்ந்து நின்றால் அவர் துள்ளி எழுவார். அன்றும் எழுந்தார். "ஐயோ, கரண்டு பூடுச்சு" என்பதில் ஐயோ மட்டும் முழுதாக வெளியே வந்தது. மீதி தொண்டையில் மாட்டிக்கொண்டு வேறு ஏதோ சத்தமாக ஆயிற்று. திரையில் பேய் முகம் காட்டியதும் அதே நொடி. இருந்த எல்லோரும் அலறினார்கள். பின்வரிசைக்காரர் ஒருவர் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மாணிக்கவேல் உட்கார்ந்தார், மறுபடி தறி ஓட ஆரம்பித்தது, தலை தொங்கிவிட்டது. ஓடியவர் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தது அந்தத் தொங்கிய தலையைத்தான். வதந்தி பிறந்த இடம் அதுதான்.

படம் எடுத்த ஊரிலேயே படம் பார்க்க வேண்டும் என்று வந்திருந்த ஒரு விமர்சகரும் அன்று அங்கே இருந்தார். 'ஒரு நெசவாளரின் நெஞ்சிலிருந்து கிளம்பிய அலறல். அதற்கு மேல் விமர்சனம் தேவையா?' என்று எழுதினார். கார் விமர்சகர் மறுபடி சீட் பெல்ட் போட்டுக்கொண்டு, முதல் தடவையே தனக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது என்றார்.

மறுநாள் தியேட்டர் நிறைந்துவிட்டது. மறுபடி தூங்கப் போன மாணிக்கவேலுக்குத்தான் பேஜாராகிவிட்டது. ஆள் செத்த படம் என்று வந்த கூட்டம் தறி ஓட ஆரம்பித்ததுமே முன்கூட்டி அலறியது. ஒருத்தி அவர் தோளையே பிடித்துக்கொண்டாள். அவர் சிவந்த கண்ணோடு வீட்டுக்கு வந்து, புதுச் சேலையைத் தொடப் பயந்து தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

அந்த வாரமே எழிலரசி ஒரு கிலோ ஆப்பிளோடு வந்தாள். படப்பிடிப்பின்போது இந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்த பழக்கம்.

"ணா, நீங்க கத்துனீங்களே, அதான் என் படத்தக் காப்பாத்துச்சு."

மாணிக்கவேல் ஜெயத்தைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பாக்குறீங்க? சொல்லிடுங்க. பொண்ணு பஸ்ஸுல நின்னுகினே வந்துகீது," என்றாள் ஜெயம்.

"யம்மா, நான் பேயப் பாக்கவே இல்ல. தூங்கிகினு இருந்தன்."

எழிலரசி ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டாள். "நீங்களுமாணா?"

"கொறையா சொல்லல. தையிலேர்ந்து அப்டி ஒரு தூக்கம் இல்ல. உன் படத்துல அந்த நாலாவது தறி நொண்டுது பாரு, அது வந்ததும் எனக்கு உலகமே மறந்துபோச்சு."

"அத எடுத்துடலாம்னாங்கணா ஸ்டுடியோல. நான்தான் வுடல." குரல் கொஞ்சம் தணிந்தது. "அப்ப எதுக்கு கத்துனீங்க?"

"கரண்டு பூடுச்சுன்னு."

எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. பிறகு சிரிப்புதான் என்று உறுதியாயிற்று.

"பேப்பருக்கு மறுப்பு எதுனா குடுக்கணுமா?" என்று ஜெயம் கேட்டாள்.

"வேணாங்க்கா. கொஞ்ச நாள் அப்டியே கெடக்கட்டும்."

"ஒண்ணு கேக்கறன்," என்றார் மாணிக்கவேல். "அந்தச் சத்தத்த மட்டும் குடுப்பியா? படம் வேணாம்."

அவள் வாங்கிய விமர்சனங்களிலேயே கடுமையானது இதுதான். ஆனாலும் போனை எடுத்து, ஜெயத்தின் போனுக்கு ஏற்றிக் கொடுத்தாள். அதிலிருந்து நிசப்தத்தை வெட்டியெடுக்க மட்டும் மறுத்துவிட்டாள். ஒரு நிபந்தனையும் போட்டாள்: ஒரே ஒரு தடவை முழித்துக்கொண்டு பேயைப் பார்க்க வேண்டும், பார்த்து நிஜமாகவே பயப்பட வேண்டும்.

"அதான் ஏற்கனவே கத்திட்டனே. அதுல கழிச்சிக்கம்மா."

"அது கரண்டு கணக்குணா. பேய்க் கணக்குல ஒரு பயம் பாக்கி."

தருவதாகத் தலையாட்டினார்.

இப்போது தினம் சாப்பாட்டுக்குப் பிறகு போனை மாடக்குழியில் வைத்துவிட்டுப் படுக்கிறார். நிசப்தம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெயம் ஈரக்கையோடு வந்து சத்தத்தை முதலிலிருந்து ஓட விடுகிறாள். சேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. கிளிப்பச்சை எங்கேயும் இல்லை. படம் வெளிநாட்டு விழா ஒன்றுக்குப் போயிருக்கிறது. எழிலரசி அவ்வப்போது கூப்பிடுகிறாள். கூப்பிடும்போதெல்லாம் போன் தறிகளை நிறுத்திவிடுகிறது.

"ஐயோ, கரண்டு," என்று பாயில் ஒரு சத்தம் எழுகிறது.

"பயந்துட்டாராக்கா?" என்று அந்தப் பக்கத்திலிருந்து ஆவலாகக் கேட்கிறாள்.

ஜெயம் எட்டிப் பார்க்கிறாள். "கரண்டுக்குத்தாம்மா."

"சரிக்கா. அப்ப பாக்கி அப்டியே கீது."