பூட்டி வைத்த முகக்கவசம்

என் வீட்டுக்காரர் ராசிபுரம் பக்கம் ஜவ்வரிசி தயாரிக்கும் ஒரு சேகோ ஆலையில் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி, விஷவாயு தாக்கி இறந்தார். ஆலையில் விஷவாயுவைத் தடுக்கும் முகக்கவசம் இருந்தது. ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைத்து, ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டுவதற்காக மேனேஜரின் அலமாரியில் பூட்டியிருந்தார்கள். இவர் கேட்டபோது, "அழுக்காயிரும்" என்றார்களாம். வழக்கு, இவரைத் தொட்டிக்குள் இறக்கிய மேஸ்திரி மேல் மட்டும்தான்.

"நிர்வாகத்த ஏனுங்க சேக்கல?" என்று போலீசிடம் கேட்டேன்.

"கம்பெனிய எப்படிம்மா ஜெயில்ல போடுறது?" என்று ஒருவர் சிரித்தார்.

"பூட்டத் தெரிஞ்ச கம்பெனிக்கு ஜெயிலுக்குப் போகத் தெரியாதுங்களா?" என்றேன்.

இப்போது வேறு ஆலையில் இருக்கிறேன். அங்கேயும் பூட்டியிருந்த முகக்கவச அலமாரியின் பூட்டைக் கழற்ற வைத்த பிறகே வேலைக்குப் போனேன். சண்டைக்காரி என்று யாரும் பக்கத்தில் உட்காருவதில்லை. அந்த அலமாரிக்கு எதிரே தனியாகச் சாப்பிடுகிறேன். அது திறந்தே இருக்கிறது.