மெஷினுக்கு நாமம்

கண்ணாடித் தட்டு கழுவுவது என் வேலை. பத்தாவதோடு படிப்பு நின்றது. ஆம்பூர் தோல் ஷெட்டில் சாயம் அடித்துக்கொண்டிருந்து, பிறகு இந்த ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன். தட்டின் மேல் பாலிமர் பூச்சு இருக்கும். அதன் அருகே கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உருண்டை மணி ஒன்றை மெஷின் இறக்கும். பூச்சு அதை எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று அளப்பார்கள். நன்றாகத் தள்ளுகிற பூச்சு கிடைத்தால், தோலுக்கு அடிக்கிற சாயத்தில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாதாம். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

போன ஆவணியில் மூன்று நாள் பூச்சு தள்ளவே இல்லை. மணி போய் ஒட்டிக்கொண்டது. ஆராய்ச்சி செய்கிற மேடம் திரையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார்.

"இன்னாண்ணே, மெஷினுக்கே நாமம் போட்டுட்டீங்களா?"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூடத்துக்குப் பொறுப்பான சார் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த மண்ணுதான் தட்டுல உதிருது. நாளைக்கு அழிச்சிட்டு வாங்க. இல்லன்னா கேட் வேலைக்குப் போய்டுங்க."

பள்ளிகொண்டா பெருமாளை நினைத்து இட்டுக்கொள்கிற திருமண் அது. வேலை நேரத்தில் தொப்பியை அதன்மேல் இழுத்துவிட்டுத்தான் தட்டைத் தொடுவேன்.

"அழிக்க மாட்டேன் சார். ஒரு தட்டை மேடமே கழுவட்டும். அது தள்ளிச்சுன்னா நானே கேட்டுக்குப் போறேன்."

மேடம் கழுவினார். அதுவும் ஒட்டியது.

அப்போதுதான் எனக்குத் தட்டு கழுவுகிற தண்ணீர்க் கேன் மேல் சந்தேகம் வந்தது. "தண்ணி எங்க புடிச்சது மேடம்?"

"தண்ணி வடிக்கிற மெஷின் ரிப்பேர்ணே. கீழ குழாயில புடிச்சு ஃபில்டர் பண்ணி ஊத்தி வெச்சேன்."

"ஃபில்டர் பண்ணா உப்பு போவாது. அந்தத் தண்ணியில எங்க வீட்ல பருப்பே வேகாது."

கேனில் 'வடித்த தண்ணீர்' என்றிருந்த லேபிளைப் பார்த்தே மூன்று நாள் கழுவியிருக்கிறேன், தண்ணீரைப் பார்க்கவில்லை. அது என் தப்புதான். அந்த உப்பில் பூச்சு சுருண்டு படுத்துவிடும் என்று மேடமே சொன்னார்.

பக்கத்துக் கட்டடத்திலிருந்து வடித்த தண்ணீர் வாங்கி வந்து, அதே நெற்றியோடு நான் கழுவினேன். மணி தொடுவதற்கு முன்பே திரையில் கோடு மேலே ஏறியது.

"தள்ளுதுண்ணே," என்றார் மேடம்.

"சரி சரி, வேலையைப் பாருங்க," என்று சார் கிளம்பினார்.

நான் கதவருகே போய் நின்றேன். "கேட் வேலைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க சார். எனக்கு வேலை எங்கன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுப் போங்க."

சார் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"இங்கதான்," என்றார்.