வெயிலில் வாங்கி மழையில் விற்றவன்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டையிலிருந்து கடற்கரைக்குப் போகும் காலை மின்சார ரயிலில் எங்களுக்கென்று ஒரு ஷேர் மார்க்கெட் கோஷ்டி இருந்தது. நாலு பேரும் ஆபீஸ் குமாஸ்தாக்கள். வெயில் பளிச்சென்று அடித்தால், "சிமெண்ட் ஷேர் ஏறும் சார், இன்னிக்கே வாங்கிப் போடுங்க" என்பார்கள். மழையில் நனைந்து, ரயிலும் தாமதமானால், அதே சிமெண்ட் கம்பெனி உருப்படாது என்று முடிவாகிவிடும். மதியமே பாரிமுனைத் தரகரிடம் விற்றுவிட்டு வருவேன். அதை அறிவு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மாசி மாதம், வானத்தில் மேகமே இல்லை. தொட்டதெல்லாம் ஏறியது. அஸ்தினாபுரத்தில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. வீடு கட்ட எங்களிடம் இருந்த ஒரே இடம். அதை விற்று மொத்தத்தையும் ஷேரில் போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். பத்திரம் மனைவி பேரில். அவள் நகையை விற்று வாங்கியது.

என் மனைவி டீச்சர். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு வருஷமா பாக்கறேன். வெயில் அடிச்சா வாங்கறீங்க, மழை பெஞ்சா விக்கறீங்க. இதையே ஒரு மழை நாள்ல வந்து சொல்லுங்க. அப்ப கையெழுத்துப் போடறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

மழை வருவதற்கு முன்பே சந்தை விழுந்தது. சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, கோஷ்டியில் ஒருவர் மகள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டார். என் ஷேர்களும் போயின. மனை மட்டும் தப்பித்தது.

ஐப்பசியில் அடைமழை. மனை என்ன கதியில் இருக்கிறதென்று இருவரும் பார்க்கப் போனோம். முழங்கால் அளவு தண்ணீர். எல்லைக் கல்லே தெரியவில்லை.

"இந்தக் குட்டைல எவன் வீடு கட்டுவான்? வந்த விலைக்குத் தள்ளிடலாம்" என்றேன், நிஜமாகவே.

அவள் குடையைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், மாசியில் அவள் சொன்னது எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட, இவளிடம் பத்திரம் இருக்கிறதே என்ற நன்றிதான் பெரிதாக இருந்தது. அந்த மனையில்தான் இன்று குடியிருக்கிறோம். என் பேரில் இருந்திருந்தால் ஒரே வருஷத்தில் அதை இரண்டு தடவை விற்றிருப்பேன்.