அண்ணன் இலையில் சைகோன் கோழி

பாரீசிலிருந்து வந்த என் மகன் பெட்டியைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு கண்ணாடிப் பாட்டில். "உனக்குத்தாம்பா, சீனாக்காரன் கடையில வாங்கினேன்" என்று மேசைமேல் வைத்தான். உள்ளே கறுப்பாக, கெட்டியாக ஏதோ இருந்தது. ஒட்டியிருந்த சீட்டை, மூக்குக்கண்ணாடியைப் போட்டு, கழற்றி, துடைத்து, மறுபடி போட்டு வெகுநேரம் படித்தேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு தேய்த்தவன் நான். எனக்குப் புரிந்தது கோழி ஒன்றுதான், அதுவும் படம் போட்டிருந்ததால். மூடியைத் திருகியதும் சோம்பும் பூண்டும் பழைய வெல்லமும் ஒன்றாகப் புளித்தாற்போல ஒரு வாசனை எழுந்து வந்தது. மருமகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்றுகூட எண்ணாமல், எழுபதைத் தாண்டிய கிழவன் சுட்டுவிரலை உள்ளே விட்டு நக்கினேன். இதற்கு ஹொய்சின் என்று பெயராம். எங்கள் வீட்டில் கறுப்புச் சாந்து என்போம். அது முதன்முதலில் வந்த ஜாடி இன்னும் எங்கள் சமையற்கட்டில் இருக்கிறது. இப்போது அதில் கல்லுப்பு.

ஜாடியைக் கொண்டுவந்தவள் என் அண்ணி. பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் கரும்பும் இருந்தன. அண்ணன் கலப்பையைத் தொடாமல் சைகோனுக்குக் கப்பல் ஏறி, அங்கே துறைமுகக் கிடங்கில் காவல் வேலையில் சேர்ந்துவிட்டார். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அது அதிசயம் இல்லை. அங்கேயும் பிரெஞ்சுக்காரன், இங்கேயும் பிரெஞ்சுக்காரன். அதிசயம், அவர் விடுப்பில் திரும்பியபோது கூடவே இறங்கிய அந்தூர்ப் பெண்தான். அப்பா அப்போது இல்லை. அம்மா வாசலில் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தாள். "தாலி கட்டினியாடா?" என்று கேட்டாள். அங்கே நகரசபைத் தலைவர் மேர் எதிரில் கையெழுத்துப் போட்டதாக அண்ணன் சொன்னார். "கையெழுத்து கழுத்துல தொங்குமா?" என்று மறுவாரமே வில்லியனூர்க் கோயிலுக்கு வண்டி கட்டச் சொல்லிவிட்டாள்.

வண்டி கட்டும் பொறுப்பு என்னுடையது. அச்சுக்கு மை போட வேண்டும். பின்கட்டில் மரமூடி போட்ட ஒரு ஜாடி இருந்தது. திறந்தால் கறுகறுவென்று பிசுபிசுப்பாக இருந்தது. அண்ணன் சீமை வண்டிமை வாங்கி வந்திருக்கிறார் என்று பெருமைப்பட்டு, ஒரு கை அள்ளி இரண்டு சக்கரத்துக்கும் தாராளமாகத் தடவினேன். வில்லியனூர்க் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திய சற்று நேரத்தில் ஊரில் உள்ள எறும்பெல்லாம் எங்கள் கல்யாணத்துக்கு வந்துவிட்டது. அண்ணி சக்கரத்தருகே குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு அண்ணனிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொல்லி, மணப்பெண் என்பதை மறந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போனது அந்தச் சிரிப்பில்தான். எனக்குச் சாகிறவரை பட்டம், "வண்டிமை." இப்போதும் பாகூர்ச் சந்தையில் அந்தப் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

அந்தச் சாந்தில் அண்ணி செய்யும் கோழியை நான் வேறெங்கும் தின்றதில்லை. துண்டுகளில் பூண்டையும் உப்பையும் பிசறி, இரும்புச் சட்டியில் நல்லெண்ணெய் விட்டு மூடாமல் வறுப்பாள். கோழி முக்கால் வெந்து, தோல் பழுப்பேறிய பிறகுதான் சாந்து போடுவாள். முதலிலேயே போட்டால் அதில் இருக்கும் இனிப்பு கருகிக் கசந்துவிடும். கடைசியில் கொஞ்சம் வெல்லத் தண்ணீர் தெளித்துக் கிளறினால், ஒவ்வொரு துண்டும் மழையில் நனைந்த எருமைக்கன்று மாதிரி பளபளக்கும். அம்மா முதல் நாள் மூக்கைச் சுளித்தாள். இரண்டாம் முறை சட்டியை வழித்தாள். அண்ணன் ஒன்றும் பேசாமல் தின்பார். தின்ற எலும்புகளை இலையின் தலைப்பக்கம் சின்னது பெரிது பார்த்து வரிசையாக அடுக்கி வைப்பார். "பட்டாளத்துக்காரன் மாதிரி எலும்பக்கூட நிக்க வெக்கிறான் பாரு எம்புள்ள" என்று அம்மா பூரித்துப்போவாள்.

அந்தப் பழக்கம் அண்ணனுடையது அல்ல. ஆண்கள் எழுந்த பிறகுதான் எங்கள் வீட்டில் பெண்கள் சாப்பிடுவார்கள். அம்மாவும் முடித்த பிறகு அண்ணி கடைசியாக அடுப்படியில் உட்காருவாள். அவள் எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பார்த்தவன் வீட்டில் நான் ஒருவன்தான், ஏனென்றால் சட்டியில் மிச்சம் இருக்கிறதா என்று மோப்பம் பிடித்து அந்த நேரத்தில் உள்ளே நுழைகிறவன் நான் ஒருவன்தான். அவள் தட்டின் ஓரத்தில் எலும்புகள் சின்னதிலிருந்து பெரியதுவரை வரிசையாக இருக்கும். அண்ணன் அதை அவளிடம் கற்றுக்கொண்டிருந்தார். அம்மாவிடம் இதைச் சொல்லி அவள் பூரிப்பைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன். பின்னால் அது எங்கே போய் நிற்கும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

விடுப்பு முடிந்தபோது அண்ணி முழுகாமல் இருந்தாள். கப்பல் ஆட்டம் ஆகாது, பிள்ளை பிறந்ததும் வந்து அழைத்துப்போகிறேன் என்று அண்ணன் தனியாகப் போனார். பிள்ளை பிறந்தது, பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது. அண்ணன் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. முதலில் கடுதாசி நின்றது. பிறகு கப்பல் நின்றது. சைகோனில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான் என்றார்கள். புதுச்சேரிக்குப் போய் அலுவலகம் அலுவலகமாக விசாரித்தேன். "சண்டை முடியட்டும்" என்பதைப் பிரெஞ்சிலும் தமிழிலும் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டிலும் அது ஒரே மாதிரிதான் இருந்தது. ஜாடியில் அடியோடு அடியாக ஒரு சமையலுக்கான சாந்து மிஞ்சியிருந்தது. அண்ணி அதன் வாயைத் துணியால் கட்டி, நெல் குதிருக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். "அவரு வர்ற அன்னைக்கு" என்றாள். பொங்கலுக்குக்கூட அவிழ்க்கவில்லை. தீபாவளிக்கு நான் கெஞ்சிப் பார்த்தேன். "உனக்கு வண்டி அச்சுல தரேன், நக்கிக்க" என்றாள். அவளுடைய தமிழ் முழுக்க எங்கள் அம்மாவிடம் கற்றது. அதனால் வாயும் அம்மா வாய்தான்.

ஒரு நாள் காலையில் அம்மா எழுந்து கொல்லைக் கதவருகே போய் நின்றாள். கனவில் அண்ணன் அங்கே நின்று, பசிக்கிறது, அவள் செய்கிற கோழி வேண்டும் என்று கேட்டானாம்.

"எம்புள்ள இல்லடா" என்றாள் என்னிடம். "இருக்கறவன் கனவுல வந்து சோறு கேக்க மாட்டான். படைக்கணும்."

செத்தவர்களுக்குப் பிடித்ததை ஆக்கி, இலைபோட்டு, அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே காத்திருப்போம். வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று. கதவைத் திறந்ததும் சோற்றில் விரல்பட்ட தடம் இருக்கிறதா என்று பெரியவர்கள் குனிந்து பார்ப்பார்கள். இதெல்லாம் செத்தது உறுதியானவர்களுக்கு. அண்ணன் விஷயத்தில் உடலும் இல்லை, சேதியும் இல்லை. பங்காளிகளில் மூத்த பெரியப்பா யோசித்து ஒரு தீர்ப்புச் சொன்னார். "எல போட்டுப் பாப்போம். தொட்டான்னா போயிட்டான். தொடலன்னா எங்கியோ இருக்கறான்." தொட்டுவிட்டால் மறுநாளே அண்ணியின் வளையலும் பொட்டும் தாலியும் போக வேண்டும். அதை யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அண்ணி ஜாடியைத் தரமாட்டேன் என்றாள். "அவரு செத்தா மொதல்ல எங்கனவுலதான் வருவாரு அத்தை. வரல."

அம்மா விடவில்லை. தானே வெல்லத்தையும் புளியையும் உளுந்தையும் சோம்போடு அரைத்துக் கறுப்பாக ஒரு சாந்து செய்தாள். அதை முதலிலேயே கொட்டிக் கோழியைக் கரியாக்கினாள். இலை போட்டோம். கதவைத் திறந்தபோது வைத்தது வைத்தபடி இருந்தது. அண்ணியின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அத்தை!" அந்தக் கறியை நான்கூடத் தொட மாட்டேன் என்று சொல்ல நாக்கு துடித்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவன் கேட்டது இது இல்ல. கோவிச்சிகினு போயிட்டான்."

அன்றிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. பிள்ளை அங்கே பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் என்றாள். நான் கோமாளித்தனம் எல்லாம் செய்து பார்த்தேன். காளைமாடு மாதிரி கத்தினேன், அவள் சேலையைக் கட்டிக்கொண்டு ஆடினேன். சிரித்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நீராகாரத்தை மட்டும் இரண்டு மடக்கு குடிப்பாள். பருத்த உடம்புக்காரி, பாயோடு பாயாகிப் போனாள். அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்து, "ஒரு வாய் அத்தை, ஒரே வாய்" என்று அழுவாள். "நீ அவனுக்குப் போடு. நான் அப்பறம் துன்றேன்" என்பாள் அம்மா. இருவரும் ஒருத்தனுக்குச் சோறு போடத்தான் சண்டை போட்டார்கள்.

ஒரு நாள் அண்ணி எழுந்துபோய் அவள் வளர்த்த சேவலைப் பிடித்தாள். ஜாடியின் துணியை அவிழ்த்தாள். அம்மாவிடம், "போடறேன். தொடலன்னா அவரு உசுரோட இருக்கறாருன்னு ஒத்துக்கினு நீங்க சாப்புடணும்" என்றாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கண் இனித் திறக்குமா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அண்ணியும் அதைத்தான் பார்த்தாள் என்று நினைக்கிறேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அன்று கோழி வாசனை தெருமுனைவரை போயிற்று. நெல் குதிர் இருந்த அறையில் இலை போட்டு, பெரியப்பா கதவைச் சாத்தினார். அம்மாவைத் தூக்கி வந்து முற்றத்தில் சாய்த்து உட்கார வைத்தோம். சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அண்ணியைக் காணோம். அடுப்படியில் அழுதுகொண்டிருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன், பழக்கதோஷம். சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது. அவள் இல்லை.

கதவைத் திறந்தார்கள். இலையில் ஒரு பருக்கை இல்லை. தலைப்பக்கம், சின்னதிலிருந்து பெரியதுவரை, எலும்புகள் வரிசையாக நின்றன.

"வந்துட்டான்!" என்று அம்மா போட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். "எம்புள்ள துன்னுட்டான், பாருங்க, அவன் அடுக்கற மாதிரியே அடுக்கி வெச்சிட்டுப் போயிருக்கான்!" பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாரும் இலையைப் பார்த்தார்கள். நான் மூலையில் இருந்த நெல் குதிரின் பக்கம் பார்த்தேன். அந்தக் கூட்டத்தின் நெரிசலில் அதன் பின்னாலிருந்து அண்ணி மெல்ல வந்து சேர்ந்துகொண்டாள். உதட்டோரம் கறுப்பாக ஒரு பொட்டு சாந்து. என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஒரே ஒரு முறை ஆட்டினாள். ஊரில் எதையும் அடக்கத் தெரியாத வாய் என்று பெயரெடுத்த வாய் இது. அன்று அடங்கிற்று.

அன்றைக்கே அம்மா கஞ்சி குடித்தாள். மறுநாள் சோறு சாப்பிட்டாள். அதே மறுநாள் சொந்தக்காரப் பெண்கள் வந்து அண்ணியைக் கிணற்றடிக்கு அழைத்துப்போனார்கள். அம்மா போகவில்லை, உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வளையல் உடைகிற சத்தம் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்துத் துணி உலர்த்திக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "தொடாம வுட்டிருந்தா உனக்கு எல்லாம் நிலைச்சிருக்குமே அண்ணி?"

"அத்தை போயிருப்பாங்க தம்பி. நாளைக்கு அவரு வந்து எங்க அம்மா எங்கன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?"

"வந்து, உன் வளையல் எங்கன்னு கேட்டா?"

"வளையல் கடையில கெடைக்கும்." ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டாள். "படையல் யாருக்குப் போட்டீங்க? செத்தவருக்கு. துன்னது யாரு? நானு. நான் துன்னா அது வெறும் சோறுதானே. படையல் ஆவல தம்பி. நீ மட்டும் ஞாபகம் வெச்சிக்க."

சண்டை முடிந்தது. கப்பல் வந்தது. அண்ணன் வரவில்லை, சேதியும் வரவில்லை. இன்றுவரை இல்லை. அம்மா அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தாள். கடைசிவரை அவளுக்கு ஊட்டிவிட்டது அண்ணிதான். வருஷாவருஷம் பெரியவன் இலை என்று அம்மா ஒரு இலை போடுவாள். அதை அண்ணிதான் பரிமாறுவாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அம்மா போன பிறகு அண்ணி அந்த இலையைப் போடவில்லை. அவளும் போன பிறகு, என் மனைவி, பிறகு மருமகள் என்று விவரம் தெரியாதவர்கள் மறுபடி போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் அந்த நேரம் பார்த்து வெளியே போய்விடுவேன்.

இந்த முறை மகன் வந்திருக்கிறான் என்று மருமகள் அந்தப் பாட்டிலைத் திறந்து கோழி செய்தாள். சாந்தைக் கடைசியில்தான் போட வேண்டும் என்று நான் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று உயிரை வாங்கினேன். மூன்று இலை போட்டாள். அம்மாவுக்கு, அண்ணிக்கு, அண்ணனுக்கு. எல்லாரும் வெளியே வந்ததும் கதவைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதேம்மா" என்றேன். உள்ளே போய் அண்ணன் இலைமுன் சம்மணம் போட முயன்று, முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"மாமா! அது படையல் மாமா!"

"வெறும் சோறு" என்றேன்.

இருக்கிற நாலு பல்லால் தின்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. எலும்புகளில் பாதிச் சதை அப்படியே நின்றது. அடுக்கும்போது இரண்டு முறை சரிந்தன. மூன்றாம் முறை வரிசை நின்றது, சின்னதிலிருந்து பெரியதுவரை.